தங்கச்சி பேரில் ஒரு மருந்துப் புட்டி

மூக்கம்மாவுக்குச் சர்க்கார் காகிதத்தில் மூன்று வயது கூடுதல். 1973இல் இலங்கையின் தலைமன்னாரில் குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பல் ஏறியபோது அவளுக்குப் பதின்மூன்று வயது. கடவுச்சீட்டில் எழுதியவர் பதினாறு என்று எழுதிவிட்டார். போதாததற்குப் பேரையும் மூக்காயி என்று மாற்றிவிட்டார். பந்தலூர்ப் பக்கம் அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கச் சேர்ந்தபோதும் அதே பேர், அதே வயது. பேரைத் திருத்துவதற்கு ஏழு வருஷம் கூடலூருக்கும் ஊட்டிக்கும் பஸ் ஏறி இறங்கினாள். பேர் திரும்பக் கிடைத்தது, வயது கிடைக்கவில்லை. கை நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஐம்பத்தைந்தாம் வயதில், "ஐம்பத்தெட்டு முடிஞ்சிருச்சும்மா" என்று சொல்லி மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அதிலிருந்து யார் எந்தக் காகிதத்தில் பேனா வைத்தாலும் மூக்கம்மா எட்டிப் பார்ப்பாள். கல்யாணப் பத்திரிகையோ ஆஸ்பத்திரிச் சீட்டோ, எழுதி முடித்ததும், "வாசிங்க பாப்போம்" என்பாள். மற்றபடி சிரித்த முகம். ஒரு மலைச்சரிவிலிருந்து எதிர்ச்சரிவுக்குக் கேட்கிற மாதிரிப் பேசியே பழகிய தொண்டை. கணவர் மாரிச்சாமி போய்ச் சேர்ந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. ஒரே மகள் தங்கமணி, பந்தலூர் பஜாரில் பெயின்ட் கடை வைத்திருக்கும் கருணாகரனைக் காதலித்துக் கட்டிக்கொண்டு கடைக்கு மேல்மாடியிலேயே குடியிருந்தாள்.

2023ஆம் வருஷம் ஆடி மாதம். அதிகமாகப் பெயின்ட் விற்ற வியாபாரிகளைக் கம்பெனிக்காரர்கள் சென்னையிலிருந்து சொகுசுக் கப்பலில் இலங்கைக்குக் கூட்டிப்போவதாக அறிவித்தார்கள். கடைக்கு இரண்டு பேர். கருணாகரன் புதுச் சட்டைகூட எடுத்துவிட்டான். புறப்பட இருபது நாள் இருக்கும்போது மழையில் நனைந்த மாடிப்படியில் தங்கமணி வழுக்கி விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டாள்.

கஞ்சி கொண்டுவந்த மூக்கம்மா, மகளின் மாவுக்கட்டைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"மாப்ள, அந்தக் கப்பலு எங்கெங்க நிக்கும்?"

கருணாகரன் சோகமாக வாசித்தான். "அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைங்க அத்தை. இனி எங்க நின்னு என்னங்க, வேண்டாம்னு எழுதிப்போடலாம்."

"எழுதாதீங்க. நான் வாரேன்."

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் கருணாகரனும் மாமியாரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்ததுகூட இல்லை. அவள் வந்தால் அவன் எழுந்துகொள்வான். அவன் வந்தால் அவள் சமையலறைக்குள் போய்விடுவாள். அவன் மனைவியைப் பார்த்தான். தங்கமணி கட்டுப்போட்ட காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"போயிட்டு வாங்க ரெண்டு பேரும். அம்மாகிட்டதான் பாஸ்போர்ட் இருக்குதே."

பாஸ்போர்ட் இருந்ததற்கும் கப்பலில் வருகிறேன் என்றதற்கும் காரணம் ஒருத்திதான். திருகோணமலையில் இருக்கும் தங்கச்சி அங்கம்மா. 1973இல் அப்பா பிள்ளைகளோடு இந்தியாவுக்குக் கிளம்பியபோது, பிள்ளையில்லாத அத்தை குடும்பத்துக்கு அங்கேயே குடியுரிமை கிடைத்தது. ஒன்பது வயது அங்கம்மா அத்தையின் சேலையைப் பிடித்துக்கொண்டு, வரவே மாட்டேன் என்று நின்றுவிட்டாள். பிறகு அங்கேயே வாழ்க்கைப்பட்டுத் திருகோணமலைக்குப் போனாள். அவள் மகள் கல்யாணத்துக்குப் போவதற்காக மூக்கம்மா எடுத்த பாஸ்போர்ட், கொரோனா வந்ததால் ஒரு முத்திரைகூட விழாமல் டிரங்குப் பெட்டியில் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் முகம் பார்த்துப் பேசுவதோடு சரி.

அந்தப் பேச்சிலும் ஒரு வருஷமாகக் கோளாறு. அங்கம்மாவுக்குத் தைராய்டு. அங்கே மருந்துத் தட்டுப்பாடு வந்ததிலிருந்து மாத்திரை ஒரு மாதம் கிடைக்கும், இரண்டு மாதம் கிடைக்காது. முகம் ஊதிப்போய், குரல் கட்டி, ஆம்பிளைக் குரலாக மாறிவிட்டது. பேசிக்கொண்டே இருப்பாள், திடீரென்று குறட்டை கேட்கும்.

"மாப்ள, அவளுக்கு மாத்திரை வாங்கிக் குடுத்திட்டு வரணும். அதுக்குத்தான் நான் வாரது. ஊர் சுத்திப் பாக்க இல்ல."

கருணாகரன் யோசித்தான். "அதுக்கென்னங்க அத்தை. உங்களுக்குத் தைராய்டுன்னு ஒரு சீட்டு எழுதி வாங்கிக்கலாம். யாரு கேக்கப் போறாங்க?"

"எம்பேரை ஒருத்தன் தப்பா எழுதிப் பட்டதே போதும் மாப்ள. நானே எம்பேர்ல பொய் எழுத ஏலாது."

மறுநாள் இருவரும் ஐவி டாக்டரிடம் போனார்கள். குன்னூர்க்காரர், பந்தலூரில் சின்னதாக ஒரு கிளினிக் நடத்துகிறார். மூக்கம்மாவின் சர்க்கரையையும் பிரஷரையும் பல வருஷமாகப் பார்ப்பவர். விஷயத்தைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"ஆளைப் பார்க்காம நான் எழுதக் கூடாதும்மா. போன் போடுங்க."

போனில் அங்கம்மா வந்தாள். தன் கிளினிக் கொப்பியை விரித்துக் காட்டினாள். அங்கே ஆஸ்பத்திரியில் நோயாளிக்குக் கொடுக்கிற நோட்டுக்குப் பேர் அதுதான். கடைசி ரத்தப் பரிசோதனை, மருந்தின் அளவு எல்லாம் அதில் இருந்தன. டாக்டர் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டார். நாலாவது கேள்விக்குப் பதில் வரவில்லை. அங்கம்மா சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டிருந்தாள்.

"இதுவே பாதிப் பதில்தான்" என்று ஐவி டாக்டர் சிரித்தார். ஆனாலும் எழுப்பி மிச்சக் கேள்விகளையும் கேட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தார். அங்கம்மா பேரில் மூன்று மாதத்துக்குச் சீட்டு எழுதினார். கொப்பியின் மேல் இருந்த நம்பரையும் பார்த்து எழுதிக்கொண்டார். அக்கா மூக்கம்மா கொண்டுவருகிறாள் என்று ஆங்கிலத்தில் தனியாக ஒரு கடிதமும் கொடுத்தார்.

"வாசிங்க பாப்போம்" என்றாள் மூக்கம்மா. டாக்டருக்கு அது பழக்கம். வாசித்துக் காட்டினார். பிறகு விரலை நீட்டிச் சொன்னார்.

"புட்டியோட மூடியைத் திறக்கக் கூடாது. வேற டப்பாவுக்கு மாத்தக் கூடாது. பெட்டியில போடாம கைப்பையிலேயே வெச்சிருங்க. கேட்டா மறைக்காமச் சொல்லுங்க. அப்புறம், உங்க மாத்திரையையும் கரைக்கு இறங்கும்போது கூடவே கொண்டுபோங்க. பஸ் எங்காவது நின்னுபோச்சுன்னா மதியச் சாப்பாடு வெளியிலதான், ஞாபகம் வெச்சுக்கோங்க."

பழுப்பு நிறப் புட்டி; நூறு மாத்திரை. மூக்கம்மா அதைப் பஞ்சில் சுற்றி, சீட்டோடும் கடிதத்தோடும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டாள். சென்னையில் கப்பல் ஏறும் வரை அந்தப் பையை மடியிலிருந்து இறக்கவில்லை.

கப்பலில் இருவருக்கும் சேர்த்து ஒரு அறை. கருணாகரன் வாசலிலேயே நின்று நெளிந்தான். நல்லவேளையாகக் குன்னூர்ப் பெயின்ட் வியாபாரி லெஸ்லி தனியாக வந்திருந்தார். அவர் மனைவிக்குக் கடல் என்றாலே பயம். கருணாகரன் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் அறைக்கு ஓடிவிட்டான். மூக்கம்மா கதவைச் சாத்திவிட்டு அறையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் எட்டுப் பேர் படுத்த அறையைவிட இது பெரிது. தண்ணீர்க் குழாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். வெந்நீர்! பந்தலூர் மழையில் விறகு ஊதி ஊதி வைக்கிற வெந்நீர், இங்கே கையைத் திருப்பினால் கொட்டுகிறது. மகளுக்குப் போன் போட்டு அந்தச் சத்தத்தைக் கேட்க வைத்தாள்.

கடல் ஆடியது. வியாபாரிகள் பாதிப் பேர் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு படுத்துவிட்டார்கள். மூக்கம்மா இரண்டு தட்டு பொங்கல் சாப்பிட்டுவிட்டு, யாராருக்கு முடியவில்லையோ அவர்களுக்கெல்லாம் இஞ்சி டீ சொல்லிக்கொண்டு திரிந்தாள். சாப்பாட்டு மேஜையிலும் துணிப்பை மடியில்தான்.

"ஏனுங்மா, பையில தங்கமா வெச்சிருக்கீங்க?" என்று லெஸ்லி கேட்டார்.

"தங்கமில்ல தம்பி. தங்கச்சி."

திருகோணமலைக்கு முந்தின சாயங்காலம் ஒலிபெருக்கியில் ஆங்கிலத்தில் அறிவித்தார்கள். லெஸ்லி தமிழில் சொன்னார். கரைக்குப் போகிறவர்கள் அன்றைக்கு வேண்டிய மருந்தை மட்டும், கடையில் கொடுத்த உறையோடு, டாக்டர் சீட்டோடு எடுத்துப்போக வேண்டும். அதற்கு மேல் இருந்தால் சுங்கத்தில் காட்ட வேண்டும். நாலு மணிக்குள் கப்பலுக்குத் திரும்பிவிட வேண்டும். மூக்கம்மா அன்று நெடுநேரம் தூங்கவில்லை. ஐம்பது வருஷம் கழித்துத் தங்கச்சியைப் பார்க்கும்போது முதலில் என்ன சொல்வது என்று மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள்.

காலையில் இறங்கினால், படகுத்துறையில் ஒரு கூடாரம். அதன் கீழே மேஜை போட்டுச் சுங்க அதிகாரி ஒருவர் உட்கார்ந்திருந்தார். சிங்களவர், தமிழும் பேசினார். மூக்கம்மா யாரும் கேட்கும் முன்பே புட்டியை எடுத்து மேஜையில் வைத்தாள். சீட்டு, கடிதம், எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கினாள்.

"அம்மா, இது யாருட மருந்து?"

பின்னால் நின்ற கருணாகரன் வாய்க்குள்ளேயே சொன்னான். "அத்தை, உங்களுதுன்னு சொல்லிப்போடுங்க."

மூக்கம்மாவுக்கு மெதுவாகப் பேச வராது. "என் தங்கச்சியோடது ஐயா!"

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அதிகாரி சீட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"அப்ப உங்கட மருந்து எங்க?"

மூக்கம்மா பைக்குள் கையை விட்டாள். துழாவினாள். முகம் மாறியது. சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் கட்டில் பக்கத்து மேஜையில், தண்ணீர் டம்ளருக்குப் பக்கத்தில் இருந்தன. தங்கச்சி புட்டியை மூன்று தரம் சரிபார்த்தவள் தன்னுடையதை எடுக்கவே இல்லை.

"கப்பல்ல வச்சிட்டேன் ஐயா."

"உங்கட மருந்த வச்சிட்டு, வேற ஆளுட மருந்த எடுத்திட்டு வந்திருக்கிறீங்க!" அதிகாரிக்குச் சிரிப்பு வந்தாலும் புட்டியைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். "அம்மா, இது உங்கட பேர்ல இல்ல. இப்பிடியே விட எனக்கு ஏலாது. தங்கச்சி எங்க இருக்கிறா?"

"துறைமுகத்து வாசல்ல நிக்கிறா. காலையில ஆறு மணிக்கே வந்திட்டா."

"அப்ப அவட கிளினிக் கொப்பியும் அடையாள அட்டையும் கொண்டு வாங்க. பாத்துச் சொல்றன்."

வாசல் அங்கிருந்து அரைக் கிலோமீட்டர். வெயில் கொளுத்தியது. மூக்கம்மா புட்டியை விட்டு நகரமாட்டாள் என்று பார்த்ததுமே தெரிந்தது. கோயிலுக்குப் போகிற பஸ்ஸில் வியாபாரிகள் ஏறிவிட்டார்கள். ஜன்னலிலிருந்து லெஸ்லி கைகாட்டிக் கூப்பிட்டார். கருணாகரன் பஸ்ஸைப் பார்த்தான், மாமியாரைப் பார்த்தான். பிறகு புதுச் சட்டையோடு வாசலைப் பார்த்து ஓட ஆரம்பித்தான். பள்ளிக்கூடத்தை விட்டபிறகு அவன் ஓடுவது அதுதான் முதல் தடவை.

வாசலுக்கு வெளியே ஆட்டோக்கள் வரிசையாக நின்றன. மூன்றாவது ஆட்டோவின் பின் சீட்டில், மடியில் ஒரு சாப்பாட்டுக் கூடையோடு, அங்கம்மா வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

"சின்னத்தை! சின்னத்தைங்க! நான் கருணாகரனுங்க."

அங்கம்மா கண்ணைத் திறந்து அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "மாப்ளயா? போன்ல ஒல்லியாத் தெரிஞ்சீங்க" என்றாள் கட்டைக் குரலில்.

கொப்பியும் அட்டையும் வந்து சேர்ந்தன. அதிகாரி சீட்டை ஒரு கையிலும் கொப்பியை ஒரு கையிலும் பிடித்து ஒப்பிட்டார். நெற்றி சுருங்கியது.

"இதில 'ஜி' எழுதியிருக்கு. கொப்பியில 'கே' இருக்கு."

ஆங்கிலத்தில் அங்கம்மாவின் பேரில் ஒரு எழுத்து வித்தியாசம். டாக்டர் வாசித்துக் காட்டியபோது காதுக்கு ஒன்றாகத்தானே இருந்தது! மூக்கம்மா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மூக்காயி, பதினாறு, கூடலூர் பஸ், ஊட்டி பஸ் என்று முழுக் கதையையும் அதிகாரியிடம் சொல்லிவிட்டாள். வேறென்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"என்ட அப்பாவுட பேரையும் மூணு மாதிரி எழுதியிருக்கிறாங்க அம்மா" என்றார். "பொறுங்க. இதில ஒரு நம்பர் இருக்கு."

ஐவி டாக்டர் எழுதிய கிளினிக் நம்பர். அதைக் கொப்பியோடு ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துப் பார்த்தார். ஒன்றுகூடப் பிசகவில்லை. துறைமுக டாக்டருக்குப் போன் செய்தார். சிங்களத்தில் நீண்ட பேச்சு. மூக்கம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அவர் போனை வைத்துவிட்டுப் புட்டியைக் கையில் எடுத்தார்.

"சரி. மூணு மாசத்து அளவுதான், சீலும் உடைக்கல்ல. ஆனா உங்கட கையில தர ஏலாது. வாங்க, நானே வந்து அவட கையில குடுக்கிறன். கையெழுத்தும் வேணும்."

மூவரும் வாசலுக்கு நடந்தார்கள். நடுவில் அதிகாரி, கையில் பழுப்புப் புட்டி. ஆட்டோவிலிருந்து இறங்கி நின்றிருந்த அங்கம்மா, அக்காவைக் கண்டதும் கத்தினாள்.

"அக்கா!"

அதிகாரி திடுக்கிட்டு, கூப்பிட்ட ஆம்பிளை யார் என்று சுற்றிப் பார்த்தார். ஆள் தெரிந்ததும் வாய்விட்டுச் சிரித்தார். "இந்தக் குரல முதல்லயே கேட்டிருந்தா நான் சீட்டே கேட்டிருக்க மாட்டன்."

அங்கம்மா கையெழுத்துப் போட்டாள். அவர் புட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

கப்பலில் சொல்லிப் பார்த்தது எதுவும் மூக்கம்மாவின் நினைவுக்கு வரவில்லை. தங்கச்சியின் ஊதிய கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கருணாகரன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அழுது முடிப்பார்கள் என்று பார்த்தால், பின்னால் சண்டைச் சத்தம் கேட்டது. திரும்பினான். அங்கம்மா மூடியைத் திறந்து ஒரு மாத்திரையை வாயருகே கொண்டுபோயிருந்தாள்; மூக்கம்மா அவள் கையில் ஒரு அடி வைத்திருந்தாள்.

"வெறும் வயித்துல போடணும்டி! இப்பதான பிளேன்டீ குடிச்சேன்னு சொன்ன?"

"ஒரு வருசமாக் காத்துக் கெடக்கிறேன், இன்னைக்கு ஒண்ணு போட்டா என்னா?"

"நாளைக்கிக் காலையில. எந்திரிச்ச ஒடனே. எனக்கு வீடியோ போட்டுட்டுப் போடு."

அங்கம்மாவின் வீடு கடற்கரைக்குப் பக்கத்தில். மகளும் மருமகனும் பேரப்பிள்ளைகளும் வாசலில் நின்றார்கள். மீன் குழம்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, தேங்காய்ச் சம்பல். இலையில் சோறு விழும்போதுதான் மூக்கம்மாவுக்குத் தன் சர்க்கரை மாத்திரை ஞாபகம் வந்தது. கையைக் கழுவப் போனாள்.

"நீங்க சாப்பிடுங்க. நான் கப்பலுக்குப் போயி சாப்பிட்டுக்கிறேன்."

கருணாகரன் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன உறையை எடுத்து இலையோரம் வைத்தான். உள்ளே இரண்டு மாத்திரை அட்டை, பேர் தெரிகிற மாதிரி. "தங்கமணி குடுத்து விட்டதுங்க. அம்மா மறந்துபோடும், கரைக்கு இறங்கறப்ப எப்பவும் உங்க பையில இருக்கட்டும்னு சொன்னா."

மூக்கம்மா அவனை முறைத்தாள். "சீட்டு வச்சிருக்கீங்களா?"

அவன் இன்னொரு பையிலிருந்து நாலாக மடித்த ஜெராக்ஸை எடுத்தான். அதில் மூக்கம்மா பேர் சரியாக இருந்தது.

"இதைக் கூடாரத்திலேயே எடுத்துக் காட்டியிருக்கலாம்ல மாப்ள?"

"அந்த வேகத்துல எனக்கே மறந்துபோச்சுங்க அத்தை. இங்க வர ஆட்டோவுல உக்காந்தப்பதான் பையில குத்துச்சு."

அன்றைக்குத்தான் மாமியாரும் மருமகனும் முதல் தடவையாக எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மூக்கம்மா தன் இலையிலிருந்த பெரிய மீன் துண்டை அவன் இலைக்கு மாற்றினாள். "ஓடினீங்கள்ல, சாப்பிடுங்க" என்றாள். அங்கம்மா பேசிக்கொண்டே ஒரு தூக்கம் போட்டு எழுந்தாள். யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது இருவரும் கப்பல் ஏறினார்கள். கோயிலுக்குப் போய்வந்த லெஸ்லி இரண்டு பேருக்கும் விபூதி கொண்டுவந்திருந்தார்.

காங்கேசன்துறையில் மூக்கம்மா தன் மாத்திரையை மறக்கவில்லை. சென்னையில் இறங்கும்போது கருணாகரன் அவள் பெட்டியையும் தூக்கிக்கொண்டான். கோவையிலிருந்து பந்தலூர் வரும் வழியில் இருவரும் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, மாவுக்கட்டுப் பிரிக்கும் நாளைப் பற்றியும் மழையில் எந்தப் பெயின்ட் உரியும் என்பதைப் பற்றியும் பேசிக்கொண்டே வந்தார்கள்.

மூன்று மாதம் தினமும் காலை ஆறு மணிக்குத் திருகோணமலையிலிருந்து வீடியோ வந்தது. அங்கம்மா மாத்திரையை நாக்கில் வைத்துக் காட்டி விழுங்குவாள். ஐப்பசியில் ஒருநாள் மூக்கம்மா போனை எடுத்துவிட்டு, "யாரும்மா நீ, அங்கம்மா இல்லையா?" என்று கேட்டாள். அந்த அளவுக்குக் குரல் திரும்பியிருந்தது. புட்டி தீர்வதற்குள் அங்கேயே ஆஸ்பத்திரியில் மாத்திரை ஒழுங்காகக் கிடைக்கத் தொடங்கிவிட்டது. அடுத்த வருஷம் அங்கம்மா முறைப்படி விசா எடுத்து விமானத்தில் வந்து, பந்தலூர்க் குளிரில் இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போனாள். தன் மாத்திரையைத் தன் பேரில் தானே கொண்டுவந்தாள்.

இப்போது பந்தலூர் பஜாரிலிருந்து யாராவது வெளிநாட்டுக்குக் கிளம்பினால், பெட்டி கட்டும் முன்பே மூக்கம்மாவைக் கூப்பிட்டு அனுப்புகிறார்கள். போன மாதம் டீக்கடை ஆறுக்குட்டி, மகனைப் பார்க்கச் சிங்கப்பூர் போனார். பெயின்ட் கடையில் கருணாகரனுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, மூக்கம்மா அவருடைய மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாவற்றையும் ஒரு பழைய விக்ஸ் டப்பாவில் கொட்டி எடுத்து வந்திருந்தார்.

"இதுல எது எதுக்குன்னு உங்களுக்கே தெரியுமா?"

"வெள்ளை பிரஷருங்க. மஞ்சக் கலரு... தெரியலீங்க."

"மாப்ள," என்று மூக்கம்மா எழுந்தாள், "ஐவி டாக்டர் இருக்காங்களான்னு போன் போட்டுக் கேளுங்க. ஆறுக்குட்டி அண்ணே, வாங்க போவோம். சீட்டை எழுதி வாங்கிட்டு, பேரை ரெண்டு தரம் வாசிச்சுப் பாத்துக்குவோம்."